ஹாலில் வைத்த ஃபைகஸ் ஏன் இலை கொட்டுகிறது?

கும்பகோணத்தில் புது வீட்டுக்குக் குடிபோனபோது மைத்துனர் கொண்டுவந்து கொடுத்த தொட்டி மரம். இடுப்பு உயரம், பளபளவென்று சின்னச் சின்ன இலை. டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்த சில வாரங்களில் இலை கொட்ட ஆரம்பித்துவிட்டது. கொழுந்து சில மடிந்துபோய், பிரித்தால் உள்ளே கறுப்பாக ஏதோ ஊர்கிறது. "தண்ணி பத்தலை" என்கிறார் உங்கள் மாமியார். ஆல் ஜாதி மரத்தை வீட்டுக்குள் வைக்கலாமா என்பதும் அவருடைய சந்தேகம்தான். கடைக்காரர் சொன்ன பெயர் வெறும் 'ஃபைகஸ்'. இது என்ன மரம், எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தண்ணீர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், அதுதான் அவசரம். இன்றைக்கு ஊற்றாதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். விரலில் ஈரமண் ஒட்டினால் நாளைக்கும் ஊற்ற வேண்டாம். நர்சரியில் பச்சை வலைக்குக் கீழே நாள் முழுவதும் வெளிச்சத்தில் நின்ற மரம், அந்த வெளிச்சத்துக்குத் தக்கபடி இலை வைத்திருந்தது. உங்கள் ஹாலில் அத்தனை இலைக்கும் வேலை இல்லை, அதனால் உதிர்க்கிறது. இலை குறையக் குறைய அது குடிக்கும் தண்ணீரும் குறையும். சரியாக அந்த நேரம் பார்த்து நாம் ஒரு சொம்பு கூடுதலாக ஊற்றுகிறோம். மண்ணில் காற்றுக்கு இடமில்லாமல் வேர் அழுகுகிறது. வேர் அழுகினாலும் இலை கொட்டும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், மறுபடி சொம்பை எடுப்பார். நம் பக்கத்தில் தொட்டி ஃபைகஸ் சாவது அநேகமாக இந்த வழியில்தான்.

இப்போது மரம் எது என்று பார்ப்போம். ஃபைகஸ் என்பது ஒரு மரத்தின் பெயர் அல்ல, ஒரு பேரினத்தின் பெயர். உலகம் முழுக்க 800-க்கும் மேற்பட்ட இனங்கள் அதில் உண்டு. நம் ஆல், அரசு, அத்தி, இச்சி எல்லாமே ஃபைகஸ்தான். ஆகவே "ஃபைகஸ்" என்று சொல்லி விற்றவர் பொய் சொல்லவில்லை, பாதி சொல்லியிருக்கிறார்.

ஃபைகஸ்தானா என்பதை உறுதிசெய்ய ஒரு இலையைக் காம்போடு கிள்ளுங்கள், வெள்ளைப் பால் வரும். ஆனால் பாலை மட்டும் நம்பக் கூடாது, கள்ளிக்கும்தான் பால் வருகிறது. கிளை நுனியைப் பாருங்கள். அடுத்து விரியப்போகும் கொழுந்து ஒரு கூர்மையான உறைக்குள் சுருண்டு நிற்கும். இலை விரிந்ததும் அந்த உறை கழன்று விழும். விழுந்த இடத்தில் தண்டைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று தழும்பாக நிற்கும். நகத்தால் தடவினாலே தெரியும், ஒவ்வொரு கணுவிலும் ஒன்று. பாலும் இந்த வளையமும் சேர்ந்திருந்தால் கிட்டத்தட்ட முடிவுதான். கொல்லையில் பலா இருந்தால் அதன் கிளையையும் பாருங்கள், அதற்கும் இதே வளையம் உண்டு. இரண்டும் ஒரே குடும்பம்.

அடுத்து, எந்த ஃபைகஸ்? நீங்கள் சொல்லும் அளவையும் இலையையும் வைத்துப் பார்த்தால் இரண்டில் ஒன்று. இலை மெல்லியதாக, விளிம்பு லேசாக அலையடித்து, நுனி வால்போல நீண்டு வளைந்திருந்தால், கிளைகளும் கீழ்நோக்கித் தொங்கினால், அது பெஞ்சமினா. பக்க நரம்புகள் மிக நெருக்கமாக, மெல்லியதாக ஓடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் சரியாகத் தெரியும். வெள்ளை விளிம்பு வைத்த 'ஸ்டார்லைட்' இதன் வகைதான். இலை தடிப்பாக, நுனி மழுங்கலாக, கிளைகள் நிமிர்ந்து இருந்தால் அது மைக்ரோகார்ப்பா. தமிழில் கல் இச்சி என்பார்கள், நம் நாட்டு மரமேதான். வட்ட இலையோடு 'பாண்டா' என்று விற்பதும், அடியில் கிழங்கு மாதிரி வேர் புடைத்த 'ஜின்செங்' போன்சாயும் இந்த இனம். ஜின்செங் மூலிகைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மற்றவற்றைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லை. உள்ளங்கையைவிடப் பெரிய, தோல்போலத் தடித்த இலையும், கொழுந்தின் மேல் சிவப்பு உறையும் இருந்தால் ரப்பர் செடி, அதாவது எலாஸ்டிகா. வயலின் வடிவத்தில் பெரிய தடித்த இலை என்றால் லைரேட்டா. அது மேற்கு ஆப்பிரிக்கா மரம், விலையும் அதிகம், நம் வீடுகளில் கொஞ்சம் பிகு பண்ணும். இலையின் அடிப்பகுதி மடிந்து சின்னப் பை மாதிரி இருந்தால் கிருஷ்ண ஆல், நம் ஆலமரத்தின் ஒரு வகை. சுவரைப் பிடித்துக்கொண்டு படர்ந்தால் ப்யூமிலா. நீங்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். நுனி இலைகள் உட்பக்கமாக மடிந்திருக்கின்றன என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்து, பெஞ்சமினா என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். மைக்ரோகார்ப்பாவாக இருந்தாலும் பராமரிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை, அது இன்னும் முரட்டு மரம்.

ஃபைகஸ் வளர்ப்பு பற்றி வீடியோவிலும் கட்டுரையிலும் வருவதில் பெரும்பகுதி குளிர்நாட்டுக்காரர்களுக்கு எழுதப்பட்டது. ஜன்னல் வழியாகக் குளிர்காற்று படாமல் பாருங்கள், இலையில் தண்ணீர் தெளித்து ஈரப்பதம் கொடுங்கள், வெளியே வைக்காதீர்கள் என்பார்கள். கும்பகோணத்தில் மார்கழியில்கூட இந்த மரம் நடுங்கப்போவதில்லை. ஈரப்பதத்துக்கும் நமக்குக் குறைவில்லை. இச்சி இங்கே தெருவோரத்திலேயே வளர்கிறது. பெஞ்சமினாவும் வெப்பமண்டல ஆசியாவின் மரம், இந்தியாவும் அதற்குச் சொந்த நாடுதான். அதற்கு ஒத்துக்கொள்ளாதது நம் ஊர் அல்ல, நம் ஹால். கூடவே தொட்டிக்குள் இருக்கும் மண்ணும், ஐப்பசி மழையும், சில ஊர்களில் போர்வெல் தண்ணீரும். கவனிக்க வேண்டியவை இவைதான்.

வெளிச்சத்திலிருந்து தொடங்குவோம். டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பகலிலேயே டியூப்லைட் போடுகிற இடத்தில் மரம் பிழைக்காது. பகலில் விளக்குப் போடாமல் அந்த இடத்தில் உட்கார்ந்து தினசரி படிக்க முடிந்தால் ஓரளவு தாங்கும். கிழக்குப் பார்த்த கிரில் வராந்தா, காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் விழும் திண்ணை, ஜன்னல் வைத்த மாடிப்படித் திருப்பம், இவையெல்லாம் நல்ல இடம். பழைய வீடாக இருந்து முற்றம் இருந்தால் அதைவிடச் சிறந்த இடம் இல்லை. ஏசி அறை வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் காற்று நேராக அடிக்காத மூலையில் வையுங்கள்.

இடத்தை மாற்றும்போது ஒரே நாளில் மொட்டை மாடிக்குத் தூக்கிவிடாதீர்கள். நிழலில் இருந்த இலை சித்திரை வெயிலில் ஒரு மத்தியானத்தில் கருகும். முதல் வாரம் வராந்தா நிழல், அடுத்த வாரம் காலை இளவெயில், அப்புறம் மெதுவாகக் கூட்டுங்கள். கத்திரி வெயில் காலத்தில் மேற்கு வெயில் படும் இடத்திலிருந்து நகர்த்திவிடுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் வெயில் படும் பக்கத்து வேர் வெந்துவிடும், தொட்டியைச் சுற்றிச் சாக்குக் கட்டுவது நல்லது. ஒரு நல்ல இடம் கிடைத்தபின் அங்கேயே விடுங்கள். விருந்தாளி வருகிறார் என்று ஹாலுக்கும், போனபின் வராந்தாவுக்கும் தூக்கிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு தடவையும் இலையைக் கொட்டிக் காட்டும், இந்த மரத்தின் குணம் அது.

அடுத்தது மண். டெல்டாவில் தொட்டிச் செடிக்குப் பெரிய எதிரி நாம் பெருமைப்படும் அதே வண்டலும் களியும்தான். நெல்லுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மண், தொட்டியிலும் அதையேதான் செய்யும். வயல்மண்ணைத் தொட்டியில் போட்டால் நனைந்தால் பசை, காய்ந்தால் கல். காய்ந்த களியில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. மண் சுருங்கித் தொட்டிச் சுவரிலிருந்து விரல் நுழையும் அளவுக்கு விலகி நிற்கும். மேலே தண்ணீர் ஊற்றினால் அந்த இடைவெளி வழியாக ஓடி, உடனே கீழ்த்துளையில் வந்துவிடும். தண்ணீர் நன்றாக இறங்கியதாக நினைப்போம். உள்ளே வேர்க்கட்டி முழுக்கக் காய்ந்து கிடக்கும். உங்கள் தொட்டியில் அப்படி ஊற்றிய உடனே துளையில் தண்ணீர் வந்தால், தொட்டியோடு ஒரு அன்னக்கூடையில் வைத்து, தொட்டியின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் விட்டு அரைமணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு எடுத்து நன்றாக வடியவிடுங்கள். இது ஒருமுறை செய்யும் சிகிச்சை, தினசரிப் பழக்கம் அல்ல.

மண்கலவைக்குத் தஞ்சாவூரை அடுத்த வல்லம் பக்கத்துச் செம்மண் கிடைத்தால் நல்லது. செம்மண் இரண்டு பங்கு, கரடு மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு. உமிக்கு நம் ஊரில் பஞ்சம் இல்லை. ஆனால் அரிசி மில் பாய்லரிலிருந்து வரும் வெளிர் சாம்பலைப் போடாதீர்கள், அது நனைந்தால் மாவாகி அடைத்துக்கொள்ளும். வடிவம் மாறாமல் கறுப்பாக இருக்கும் உமிதான் வேண்டும். தென்னை நார்க்கழிவு போடுவதாக இருந்தால் இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிவிட்டுப் போடுங்கள், அதில் உப்பு இருக்கும். துளை மேல் ஒரு ஓட்டுச்சில்லு போதும். அடியில் ஒரு சாண் ஜல்லி கொட்டுவதால் வடிகால் அதிகமாகிவிடாது, வேருக்கான இடம்தான் குறையும்.

தொட்டி மாற்றுவது இப்போது வேண்டாம், கொட்டிக்கொண்டிருக்கும் மரத்தை மேலும் தொந்தரவு செய்யக் கூடாது. இதற்கு ஒரே விதிவிலக்கு, வேர் அழுகியிருந்தால். மண்ணில் புளித்த வாடை வந்தால் தயங்காமல் வெளியே எடுத்து, கறுத்துக் குழைந்த வேரை வெட்டிவிட்டுப் புதுக் கலவையில் வையுங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில் கெட்டியாக இருக்கும். மற்றபடி மாற்றுவதற்கு மாசி அல்லது ஆடி கடைசியிலிருந்து ஆவணி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் செய்யவே வேண்டாம். வெட்டுப்பட்ட வேர் அடைமழை ஈரத்தில் ஆறாது. புதுத் தொட்டி பழையதைவிட இரண்டு அங்குலம் அகலம் இருந்தால் போதும். சின்ன மரத்தைப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரமாகவே கிடந்து கெடும்.

தண்ணீருக்கு "ஒருநாள் விட்டு ஒருநாள்" என்று கணக்கு சொல்லமாட்டேன். விரல் சோதனைதான் கணக்கு. சித்திரை, வைகாசியில் வராந்தாவில் இருக்கும் மரம் தினமும் கேட்கலாம். அதே மரம் கார்த்திகையில் பத்து நாளுக்கு ஒன்றுமே கேட்காமல் இருக்கலாம். ஊற்றும்போது கீழே வடியும்வரை ஊற்ற வேண்டும், வடிந்ததைத் தட்டிலிருந்து கொட்டிவிட வேண்டும். மழைக்காலத்தில் தட்டையே எடுத்துவிடுங்கள். வேருக்கும் நல்லது, டெங்கு கொசு முட்டையிட இடமும் இருக்காது.

கும்பகோணத்தில் உங்களுக்குத் தண்ணீர் ஓரளவு நன்றாகவே இருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று. இலை விளிம்பு பழுப்பாகக் கருகி, மண் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளைப் பொருக்கு படிந்தால், அது தண்ணீரில் இருக்கும் உப்பு. மாடியில் விழும் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். முடியாவிட்டால் மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், அதுவும் புது இலையில் மட்டும் என்றால், கடினத் தண்ணீரால் இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியாமல் இருக்கிறது. நர்சரியில் 'சிலேட்டட் அயர்ன்' கேட்டு வாங்கித் தெளிக்கலாம். பழைய இலை ஒன்றிரண்டு மஞ்சளாகி விழுவதற்கு வைத்தியம் தேவையில்லை.

இப்போது அந்தக் கறுப்புப் பூச்சி. மடிந்த இலையை வெள்ளைத் தாளின் மேல் பிரித்துத் தட்டுங்கள். எள்ளைவிட மெல்லிய, சுமார் மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள, பளபளப்பான கறுப்புப் பூச்சிகள் விழும். கூடவே வெள்ளையாக நீள்முட்டைகளும் மஞ்சளாகக் குஞ்சுகளும் இருக்கும். இது ஃபைகஸ் இலைப்பேன். கொழுந்தின் சாற்றை உறிஞ்சும்போது இலை நடுநரம்பை ஒட்டி மடிந்து, அதற்குள்ளேயே குடும்பம் நடத்தும். முற்றிய இலையை இது தொடாது. மடிந்த இலை மறுபடி நிமிராது, அதனால் மருந்தடித்து அதைக் காப்பாற்ற முயல்வது வீண். எல்லா மடிந்த கொழுந்தையும் கிள்ளிப் பாலிதீன் பையில் போட்டு, வாயைக் கட்டி, ஒருநாள் வெயிலில் வைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். தொட்டிக்குக் கீழேயே கிள்ளிப் போட்டால் மறுநாள் திரும்ப ஏறிவிடும்.

பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப். புதுக்கொழுந்து வரும் காலத்தில் வாரம் ஒருமுறை சாயங்காலத்தில், இலையின் இருபுறமும் படும்படி தெளியுங்கள். ஒருமுறை அடித்துவிட்டு விட்டால் பலன் இல்லை, மடிப்புக்குள் மருந்து போகாது, புதிதாக வருவதைத்தான் தடுக்க முடியும். பக்கத்து வீட்டு வேலி பெஞ்சமினாவாக இருந்தால் அங்கிருந்து வந்துகொண்டே இருக்கும். அப்போது கிள்ளுவதைத்தான் பழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் வைத்திருக்கும் ஒரு தொட்டிக்காகக் கடும் பூச்சிமருந்து வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

எறும்பு வரிசையாகத் தண்டில் ஏறினால் மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ இருக்கிறது என்று அர்த்தம். நனைத்த துணியால் துடைத்தெடுத்து, அதே வேப்பெண்ணெய்க் கரைசலை அடியுங்கள். ரப்பர் செடி, இச்சி இலைகளின் மேல் விளிம்பை ஒட்டிச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் ஒழுங்காக வரிசையாக இருந்தால் மட்டும் பயப்படாதீர்கள். அது இலையே சேர்த்து வைக்கும் சுண்ணாம்புச் சத்து. நகத்தால் சுரண்டினால் வராது. பூச்சியென்று நினைத்து அதற்கும் மருந்தடிப்பவர்கள் உண்டு.

உரம் இப்போது எதுவும் வேண்டாம். புதுக் கொழுந்து வந்து நின்றபின் மாதம் ஒரு பிடி மண்புழு உரம் போதும். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துத் தெளியவைத்த தண்ணீரை நன்றாக நீர்க்கவைத்தும் விடலாம், ஆனால் ஹாலில் வைத்திருந்தால் நாற்றம் தாங்காது. பால் வடியும் மரம் என்பதால் கிளை வெட்டும்போது பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கறை போகாது. கையில் பட்டால் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சோப்புப் போடுங்கள். சிலருக்குத் தோல் அரிக்கும், கண்ணில் படக் கூடாது. தவழும் குழந்தையோ, இலையைக் கடிக்கும் நாய், பூனையோ இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். வெட்டிய வெட்டில் தண்ணீர் தெளித்தால் பால் சீக்கிரம் நிற்கும்.

மாமியாரின் சந்தேகத்துக்கு வருவோம். அவர் சொல்வதை வெறும் நம்பிக்கை என்று தள்ளமாட்டேன். நம் ஊர்க் கோபுரங்களில் சுதைச் சிற்பத்தின் இடுக்கில் அரசங்கன்று முளைத்து நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மைனாவும் குக்குறுவானும் பழம் தின்று எச்சம் போட்ட இடம். கன்று விரல் தடிமன் ஆவதற்குள் வேர் காரைக்குள் போய்விடும், பிறகு கல்லையே நகர்த்தும். வீட்டின் சன்ஷேடிலும் அதுதான் நடக்கும். ஆல் ஜாதியை வீட்டை ஒட்டி வைக்காதே என்ற பழக்கத்துக்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம். தொட்டிக்குள் இருக்கும்வரை அந்த ஆபத்து இல்லை, அவரிடம் தாராளமாகச் சொல்லலாம். மறுபக்கம், ராத்திரியிலும் ஆக்ஸிஜன் தரும், அறைக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று விற்பவர்கள் சொல்வதையும் நம்ப வேண்டாம். 1989-ல் நாசா செய்த ஆய்வில் பெஞ்சமினாவும் இருந்தது உண்மை. ஆனால் அது மூடிய சின்னப் பெட்டிக்குள் செய்த சோதனை, ஜன்னல் திறந்த ஹாலுக்குப் பொருந்தாது.

தொட்டி தரையில் உட்கார்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். வடிகால் துளை வழியாக வேர் இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். தோட்டத்து மண்ணில் வைத்திருந்தால் மாதம் ஒருமுறை தொட்டியைத் தூக்கி நகர்த்துங்கள், அல்லது இரண்டு செங்கல் மேல் வையுங்கள். என்றாவது தொட்டிக்கு மிஞ்சி வளர்ந்து, தரையில் வைத்துவிடலாம் என்று தோன்றினால், கொல்லையில் சம்ப், செப்டிக் டேங்க், சுவர் எதற்குப் பக்கத்திலும் வேண்டாம். அவற்றின் ஈரத்தைத் தேடித்தான் வேர் போகும். அதற்குப் பதில் மேலே ஒரு கிளையில் விண்பதியம் போட்டு, அதாவது கிளையை மரத்திலேயே வேர்விட வைத்து, சின்ன மரம் ஒன்றைத் தொட்டிக்கு எடுத்துக்கொண்டு, தாய் மரத்தை இடம் உள்ள குளக்கரைக்கோ பள்ளிக்கூட மைதானத்துக்கோ கேட்டுக் கொடுத்துவிடுங்கள். பதியம் போட ஆனி, ஆடி சரியான நேரம், ஈரப்பாசி கட்டிய இடத்தில் ஒன்றரை இரண்டு மாதத்தில் வேர் தெரியும்.